கிடைக்காமல் போனவர்களின் கணக்கு: நூலக அறிவியல் ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நூலக, தகவல் அறிவியல் துறைகளின் ஆய்வு நெறியாளர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கல்வி நிறுவன நூலகம் ஒன்றில் வேலை பார்ப்பவன் நான். உங்கள் மாணவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் கையில் ஒரு கட்டு வினாத்தாளோடு வருவார்கள். இப்போது கூகுள் ஃபார்ம் இணைப்போடு வருகிறார்கள். "சார், உங்க ரீடர்ஸ்கிட்ட கொஞ்சம் ஃபில் பண்ணி வாங்கித் தர முடியுமா? அடுத்த மாசம் சினாப்சிஸ் கொடுக்கணும்" என்பார்கள். தலைப்பைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: இன்ன கல்லூரி மாணவர்களிடையே மின்வளங்கள் குறித்த விழிப்புணர்வும் பயன்பாடும், ஓர் ஆய்வு. கல்லூரியின் பெயர் மாறும். மின்வளங்கள் இருந்த இடத்தில் நூலக இணையதளம் வரும், சமூக ஊடகம் வரும், இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 'விழிப்புணர்வும் பயன்பாடும்' மட்டும் அசைவதே இல்லை.

அந்தத் தாள்கள் எப்படி நிரம்புகின்றன என்று நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன். வாசிப்பு மேசையில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் கேள்வியை வாசிக்க, மற்ற மூவரும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போவார்கள். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து வந்து, "சார், ரிமோட் ஆக்சஸ்னா என்ன?" என்று கேட்டாள். வீட்டிலிருந்தே நூலகத்தின் சந்தா இதழ்களைப் படிக்கும் வசதி என்று விளக்கினேன். "அப்படி ஒண்ணு இருக்கா!" என்றாள். கையிலிருந்த தாளில் அந்தக் கேள்வி 'ரிமோட் ஆக்சஸ் வசதியில் நீங்கள் எந்த அளவு திருப்தி அடைந்துள்ளீர்கள்?' என்றிருந்தது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். 'மிகவும் திருப்தி' என்று டிக் அடித்துவிட்டுப் போனாள். பக்கத்தில் நின்றது நான் அல்லவா, வேறெப்படி அடிப்பாள்?

அந்த டிக் பிறகு ஆய்வேட்டில் விழுக்காடாகிறது. அட்டவணை எண் பெறுகிறது. கை-வர்க்கச் சோதனை என்ற புள்ளியியல் சோதனைக்குப் போகிறது. ஆண் பெண் வேறுபாடு இல்லை என்ற முடிவோடு திரும்பி வருகிறது. 'நூலகம் பயனாளர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்' என்ற பரிந்துரையோடு ஆய்வேடு முடிகிறது. அந்தப் பரிந்துரையை எந்த நூலகரும் எந்த ஆய்வும் இல்லாமலே சொல்லியிருப்பார்.

வினாநிரலே கூடாது என்று சொல்ல வரவில்லை. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் மனப்பான்மையை அளக்க ஓர் அளவுகோல் கொடுத்தார். மனப்பான்மையை அறிய வேண்டிய இடத்தில் அது நல்ல கருவிதான். சேவைத் தரத்தை அளக்க 1988இல் வந்த சர்வ்குவால், அதை நூலகத்துக்கேற்ப மாற்றி 2000இல் தொடங்கிய லிப்குவால் போன்றவைகூட வெறும் 'திருப்தியா?' என்பதோடு நிற்பதில்லை. லிப்குவாலின் 22 கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் கேட்கிறார்கள்: குறைந்தபட்சம் எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்வீர்கள், எவ்வளவு இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், இப்போது எவ்வளவு இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. நம்முடைய ஆய்வேடுகளுக்கு வரும்போது அந்த மூன்றும் ஒன்றாகச் சுருங்கி, ஐந்து கட்டமாகி, 'ஓரளவு திருப்தி' என்ற நடுக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

என் கோரிக்கை ஒன்றுதான். நூலகத்துக்கு வந்து, தேடி, கிடைக்காமல் திரும்பிப் போனவரைப் பற்றி ஆய்வு செய்யச் சொல்லுங்கள். கிடைத்தவருடைய திருப்தியை அளந்தது போதும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. இந்தத் துறையில் நிலைத்து நின்ற ஆய்வுகளில் பல, தோல்வியை நேருக்கு நேர் பார்த்தவைதான். எஃப். டபிள்யூ. லங்காஸ்டர் 1968இல் மெட்லார்ஸ் என்ற மருத்துவத் தகவல் அமைப்பைப் பற்றி வெளியிட்ட மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான மருத்துவர்களும் ஆய்வாளர்களும் கேட்ட உண்மையான கேள்விகளை, ஏறத்தாழ 300 தேடல்களை, அவர் எடுத்துக்கொண்டார். கிடைத்திருக்க வேண்டிய கட்டுரைகளில் சராசரியாக 57.7 விழுக்காடுதான் கிடைத்தது. கிடைத்தவற்றிலும் பாதியளவுதான் பொருத்தமாக இருந்தது. அவர் அதோடு நிறுத்தவில்லை. தவறிப்போன கட்டுரை ஒவ்வொன்றும் ஏன் தவறியது என்று பார்த்தார். அட்டவணைப்படுத்தியவர் அந்தக் கருத்தை விட்டுவிட்டாரா, சொற்களஞ்சியத்தில் அதற்குச் சொல்லே இல்லையா, தேடல் உத்தியை வகுத்தவர் சறுக்கினாரா, அல்லது கேட்டவர் தனக்கு வேண்டியதைச் சரியாகச் சொல்லவில்லையா என்று பிரித்துப் பிரித்து எழுதினார். அந்த அறிக்கையைப் படித்தவருக்கு மறுநாள் காலையில் எதைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்திருக்கும். நம் ஆய்வேடுகளைப் படித்த நூலகருக்கு மறுநாள் காலையில் என்ன தெரிகிறது?

இன்னொன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம். ஆலன் கென்ட் தலைமையில் 1979இல் வெளிவந்த ஆய்வு. 1969இல் அந்தப் பல்கலைக்கழக நூலகம் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, முதல் ஆறு ஆண்டுகளில் ஒரு தடவைகூட இரவல் போகவில்லை என்றது அது. பேராசிரியர்கள் கொதித்தார்கள். நூலகத்துக்குள்ளேயே எடுத்துப் படிப்பது கணக்கில் சரியாக வரவில்லை என்று சண்டை போட்டார்கள். நல்லதுதானே? சண்டைக்கு வழி இருக்கிறதென்றால் அந்த ஆய்வு ஏதோ சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். நம் வாய்மொழித் தேர்வுகளில் யாராவது குரலை உயர்த்திக் கேட்டு நான் பார்த்ததில்லை.

குறிப்புதவிச் சேவையில் நடந்த ஆய்வுகள் இன்னும் சுவையானவை. சாதாரண வாசகர் போல ஓர் ஆள் போய் நூலகரிடம் கேள்வி கேட்பார். சரியான விடை என்ன என்பது ஆய்வாளருக்கு முன்பே தெரியும். தான் சோதிக்கப்படுவது நூலகருக்குத் தெரியாது. ஹெர்னனும் மக்ளூரும் 1986இல் இப்படிச் செய்து சுமார் 55 விழுக்காடு விடைகள்தான் சரி என்று சொன்னபோது, அது '55 விழுக்காடு விதி' என்று பெயர் வாங்கிக்கொண்டு தொழிலையே உலுக்கியது. அதற்கும் மறுப்பு வந்தது. உண்மைத் தகவல் கேட்கும் சின்னச் சின்னக் கேள்விகளை மட்டும் வைத்து ஒரு சேவையை எடைபோடலாமா என்று கேட்டார்கள். ஜோன் டுரான்ஸ் வேறு கோணத்தில் போனார்: விடை சரியா என்பதை விடுங்கள், இந்த நூலகரிடமே மறுபடி வருவீர்களா? அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். 'திருப்தியா?' என்றால் மரியாதைக்கு 'ஆமாம்' என்பார்கள். 'மறுபடி இவரிடம் வருவீர்களா?' என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இதில் மறைந்திருக்கும் ஒன்றைக் கவனியுங்கள். தவறான விடை வாங்கிப் போனவருக்கு அது தவறு என்று தெரியாது. அவரும் திருப்தியோடுதான் போவார். ஆகவே திருப்தியை அளக்கும் வினாநிரல், நூலகத்தின் மிக மோசமான தோல்விகளை வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

சரி, தோல்விகள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். எங்களிடம் குவிந்து கிடக்கின்றன. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒபாக், அதாவது வாசகர் கணினியில் தேடும் நூற்பட்டியல். நூற்பட்டியலில் யார் என்ன தேடினாலும் அது எங்காவது பதிவாகிறது. நூலக மென்பொருளிலோ, குறைந்தது இணைய சர்வரின் பதிவிலோ. அதில் 'முடிவுகள்: 0' என்று வந்தவற்றை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ஒரு நூலகம் அதன் வாசகரை எங்கெல்லாம் கைவிடுகிறது என்பதற்கு அதைவிட நேர்மையான ஆவணம் கிடையாது. பாதி எழுத்துப் பிழை. கால்வாசி, நூலகத்தில் உண்மையிலேயே இல்லாதவை. அவை நேராக நூல் வாங்கும் குழுவுக்குப் போக வேண்டிய பட்டியல். (பாதி, கால் என்பதெல்லாம் என் கண்ணளவு. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் என் புகாரே.) மீதிதான் வயிற்றெரிச்சல்: நூல் அடுக்கில் இருக்கிறது, பட்டியலிலும் இருக்கிறது, ஆனால் கிடைப்பதில்லை.

தமிழ் நூல்களில் இது எப்படி நடக்கிறது என்று ஒன்றைச் சொல்கிறேன். பழைய இயற்பியல் நூல்களுக்குப் 'பௌதிகம்' என்று தலைப்பு இருக்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பதிவுகளை மாற்றியபோது, அந்த 'பௌ' பல இடங்களில் 'பெள' ஆகிவிட்டது. அதாவது ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் கண் பிடிக்காது. கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள். மாணவர் சரியாகத் தட்டுகிறார். பட்டியல் பூச்சியம் என்கிறது. ஸ்ரீ இன்னும் மோசம். யூனிகோடில் ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம், உருவம் ஒன்றே. பதிவு செய்தவர் ஒரு விசைப்பலகையில் அடித்திருப்பார், தேடுபவர் இன்னொன்றில். ஒகர உயிர்மெய்யை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது, ஆனால் அதை மென்பொருள் மதிக்கிறதா என்று சோதித்தால்தான் தெரியும்.

இதற்கு மேல் வல்லின மிகுதல். 'நூலகச் சேவை' என்று பதிவில் இருக்க, 'நூலக சேவை' என்று தேடுகிறார்கள். முன்னெழுத்து வேறு. ஒரே ஆசிரியர் ஒரு நூலில் 'இரா.', மறு நூலில் 'ரா.', ஆங்கில முகப்புள்ள நூலில் 'ஆர்.'. பெயர்களை ஒன்றிணைக்கும் அதிகாரக் கோப்பு இல்லாத பட்டியலில் அவர் மூன்று பேர். பாடத் தலைப்பில் 'இரசாயனம்', 'ரசாயனம்', 'வேதியியல்' மூன்றும் இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிகாட்டும் 'காண்க' குறிப்பு இருக்காது. சில நூலகங்களில் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் மட்டும் ஏற்றிவைத்திருக்கிறார்கள். நூற்பட்டியல் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவத்தில் மூல எழுத்தில் எழுதுவதற்கென்றே 880 என்று ஒரு புலம் இருக்கிறது, அது காலி. அங்கே தமிழில் தேடினால் அந்த நூல்கள் அனைத்தும் இல்லாதவையே.

இதை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு மாணவர் மூன்று ஆண்டு உட்காரட்டும். நான்கைந்து நூலகங்களின் பூச்சியத் தேடல்களைச் சேகரிக்கட்டும். லங்காஸ்டர் செய்தது போல ஒவ்வொன்றுக்கும் காரணம் பிரிக்கட்டும்: குறியீட்டுக் கோளாறா, சந்தியா, பெயரா, தலைப்புச் சொல்லா, நூலே இல்லையா. எந்தக் காரணம் எத்தனை விழுக்காடு என்று தெரிந்தால் எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்கலாம். திருத்தியபின் மறுபடி அளக்கலாம். தமிழ் நூல்கள் வைத்திருக்கும் எந்த நாட்டு நூலகத்துக்கும் அந்த ஆய்வேடு உதவும். வெளிநாட்டு ஆய்வாளர் யாரும் நமக்காக இதைச் செய்யப்போவதில்லை. இது நம் வேலை.

அடுத்து, சந்தா இதழ்கள். மின்வளப் பயன்பாட்டைப் பற்றி இத்தனை ஆய்வேடு வருகிறதே, அவற்றில் எத்தனை கவுன்டர் அறிக்கைகளைத் திறந்து பார்த்திருக்கின்றன? பதிப்பகங்கள் பயன்பாட்டுக் கணக்கை ஒரே முறையில் தர வேண்டும் என்பதற்காக 2003இல் வெளிவந்த நெறிமுறை அது. 2019 முதல் ஐந்தாம் பதிப்பு நடைமுறையில் இருக்கிறது. எந்த இதழ், எந்த மாதம், எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று அதில் இருக்கும். அதைவிட முக்கியமாக, மறுக்கப்பட்டவையும் இருக்கும்: சந்தா இல்லாததால் கதவடைக்கப்பட்டவை தனி, ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வரம்பு நிரம்பியதால் திருப்பி அனுப்பப்பட்டவை தனி. மாணவர் வேண்டும் என்று போய் நின்று, இல்லை என்று திரும்பிய இடங்கள். அந்த அறிக்கை நூலகத்தின் நிர்வாகக் கணக்கில் சும்மா கிடக்கிறது. இங்கே நாம் 'மின்வளங்களை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள்: தினமும், வாரம் ஒருமுறை, எப்போதாவது' என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

மூன்றாவது, வழங்கல் மேசை. இங்கே ஒரு புதுவிதமான தோல்வி சமீபமாக வருகிறது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஒரு கட்டுரையின் விவரத்தைத் தாளில் எழுதிக் கொண்டுவந்து, எங்கிருந்தாவது வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்கிறார். ஆசிரியர் பெயர் அந்தத் துறையில் இருக்கும் பெயர். இதழ் உண்மையான இதழ். தொகுதி எண்ணும் ஆண்டும் பொருந்துகின்றன. அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருக்கிறார்கள். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைப் போட்டால் எங்கும் போகவில்லை, அல்லது சம்பந்தமில்லாத ஓரிடத்துக்குப் போகிறது. உரையாடு மென்பொருள் தானாகவே செய்து கொடுத்த மேற்கோள் அது. இல்லாத கட்டுரையைத் தேடி நூலகரின் ஒரு முற்பகல் போகிறது. அதைவிட, 'இந்த நூலகத்தில் எதைக் கேட்டாலும் இல்லை' என்ற முகத்தோடு மாணவர் திரும்புகிறார். இந்தத் தாள்களைச் சேர்த்து வைத்தாலே ஓர் ஆய்வுக்குப் போதும்: எந்தத் துறையில் அதிகம், எந்த விவரம் முதலில் பொய்க்கிறது, எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம், மாணவரே கண்டுபிடிக்க என்ன கற்றுத்தர வேண்டும். நம் ஆய்வாளர்கள் இதற்கும் 'சாட்ஜிபிடி குறித்த விழிப்புணர்வும் பயன்பாடும்' என்றே தலைப்பு வைக்கிறார்கள்.

மேசைக்கு வரும் கேள்வியே அப்படியே நம்பத்தக்கதல்ல என்பதை ராபர்ட் டெய்லர் 1968இலேயே எழுதிவிட்டார். மனத்தில் உறுத்தும் தேவை ஒன்று. அதை நூலகத்தில் இருக்கக்கூடும் என்று தான் நினைப்பதற்கேற்ப வெட்டிக் குறுக்கிக் கேட்கும் கேள்வி வேறொன்று. "புள்ளியியல் புக் எங்க சார் இருக்கு?" என்று கேட்பவரை உட்காரவைத்துப் பேசினால், தன் வினாநிரலுக்கு 120 பேர் போதுமா என்பதுதான் அவர் சந்தேகம் என்று தெரியவரும். அடுக்கெண்ணைச் சொல்லி அனுப்பினால் வேலை முடிந்த மாதிரி இருக்கும், அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இந்த உரையாடலைப் பதிவு செய்து, எழுதியெடுத்து, எங்கே நழுவியது என்று வரிவரியாகப் பார்க்கும் ஆய்வு தமிழில் வரட்டும்.

நூலளவியல் பக்கம் நான் அதிகம் போகவில்லை. ஓர் இதழின் பத்தாண்டுக் கட்டுரைகளை எண்ணி, வண்ண வண்ண வலைப்பின்னல் படம் போட்டு, சிலரே பல கட்டுரை எழுதுகிறார்கள் என்னும் லோட்காவின் 1926ஆம் ஆண்டு விதி பொருந்துகிறது என்று முடிப்பதற்கு ஏன் மூன்று ஆண்டு வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அது உங்களுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

எண்ணுவதில் எனக்கு வெறுப்பில்லை. எண்ணிப் பார்க்கும் பழக்கம் இந்தத் தொழிலின் ரத்தத்திலேயே உண்டு. கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்த ரங்கநாதன்தான் 1948இல் இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பாவில் நடந்த, ஆஸ்லிப் என்ற நூலகச் சங்கத்தின் மாநாட்டில் 'லைப்ரமெட்ரி' என்ற யோசனையை முன்வைத்தார். நூலகப் பணிகளை அளந்து, கணக்கிட்டு நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி. 1931இல் நூலாக வந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்கிறது. அதை ஒவ்வொரு ஆய்வேடும் முதல் இயலில் மேற்கோள் காட்டுகிறது. ஒரு நூலைத் தேடத் தொடங்கி, கையில் எடுக்கும்வரை வாசகருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பிடித்து அளந்த ஆய்வேட்டைக் கொண்டுவாருங்கள், நான் எழுந்து நின்று வணங்குகிறேன்.

பாடத்திட்டக் குழுவிடம் சில வார்த்தை. ஆய்வு இப்படி ஆனதற்கு வேர் முதுகலை வகுப்பில் இருக்கிறது. பல இடங்களில் நூற்பட்டியல் செய்முறைத் தேர்வு என்றால் இன்னமும் 12.5க்கு 7.5 சென்டிமீட்டர் அட்டையைக் கோடு போட்டு வரைந்து, முதன்மைப் பதிவும் துணைப் பதிவுகளும் கையால் எழுதுவதுதான். அந்த அட்டையை அச்சிட்டு உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்த ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு 2015 அக்டோபரில் கடைசி அட்டையை அச்சிட்டுவிட்டு அட்டைக் கடையை மூடியது. ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு வந்தது 1978இல். அதன் இடத்தில் ஆர்.டி.ஏ. என்ற புதிய விதித்தொகுப்பு 2010இலேயே வந்துவிட்டது. அட்டையில் உள்தள்ளல் எத்தனை இடைவெளி என்பதற்கு மதிப்பெண் போகிறது. மார்க் பதிவு ஒன்றைத் திறந்து, அதில் ஏன் இந்த நூல் தேடலில் அகப்படவில்லை என்று கண்டுபிடிக்கத் தேர்வில் ஒரு கேள்விகூட இல்லை.

நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பை நீக்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஒரு பொருளை முகம் முகமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்ன அந்தச் சிந்தனைதான் இன்று எந்தத் தேடல் பக்கத்திலும் இடப்புறம் வரிசையாக நிற்கும் வடிகட்டிகளைப் புரிந்துகொள்ள நல்ல வழி. பிரச்சினை, அதை எண் கட்டும் வித்தையாக மட்டும் நடத்துவது. மாணவர் அடைப்பும் புள்ளியும் சரியாக வைக்கக் கற்றுக்கொள்கிறார். தன் நூலகத்தின் ஒபாக்கில் என்னென்ன வடிகட்டி இருக்க வேண்டும், தமிழ் இலக்கியம் படிப்பவருக்கு எவை உதவும் என்று கேட்டால் விழிக்கிறார். இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் ரங்கநாதனும் பிழைப்பார், மாணவரும் பிழைப்பார்.

இன்டர்ன்ஷிப் என்று எங்களிடம் அனுப்புகிறீர்களே, அதைப் பற்றியும். வருகிறவர்களை நாங்கள் நூலுக்கு முத்திரை குத்தவும் பார்கோடு ஒட்டவும் உட்காரவைக்கிறோம். இதில் எங்கள் பங்கும் உண்டு. ஆள் பற்றாக்குறை, இலவசமாக ஒரு கை கிடைத்தால் யார் விடுவார்கள்? நீங்கள் ஒரு நிபந்தனை போட்டு அனுப்புங்கள்: தினமும் ஒரு மணி நேரம் விசாரணை மேசையில் உட்கார வேண்டும், பதில் கொடுக்க முடியாமல் போன கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டு இல்லாமல் சான்றிதழ் கிடையாது என்று எங்களுக்கும் கடிதம் போடுங்கள்.

உங்கள் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நெறியாளரிடம் ஒரே நேரத்தில் பலர். பகுதிநேர ஆய்வாளர்களில் பெரும்பாலோர் எங்களைப் போலவே வேலையில் இருப்பவர்கள். பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் எழுதுகிறார்கள். வினாநிரல் என்றால் ஆறு மாதத்தில் தரவு கையில். சர்வர் பதிவு என்றால் அனுமதி, தொழில்நுட்பம், அதைச் சுத்தம் செய்யும் பாடு. அதோடு, தரவைக் கேட்டால் நூலகங்கள் கொடுப்பதில்லை. இது எங்கள் குற்றம்தான். குறை வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். நூலகத்தின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதலாம் என்ற ஒரு ஏற்பாடு இருந்தால் இந்தப் பயம் பாதி போய்விடும்.

வாசகரின் அந்தரங்கம் வேறு. அதில் விட்டுக்கொடுக்க முடியாது. யார் எதைத் தேடினார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டியது. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா 2012இல் வெளியிட்ட நூலகர் நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது. ஆகவே உறுப்பினர் எண், இணைய முகவரி, துல்லியமான நேரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தேடிய சொல்லும் கிடைத்த முடிவின் எண்ணிக்கையும் மட்டும் தருவோம். சில தேடல்களில் ஆளின் பெயரோ நோயின் பெயரோ இருக்கும். அவற்றை நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து நீக்கிய பிறகுதான் கோப்பு வெளியே போக வேண்டும். இதற்கான அனுமதிப் படிவத்தை உங்கள் நெறிமுறைக் குழு ஒருமுறை தயாரித்துவிட்டால் எல்லா நூலகங்களுக்கும் அதுவே போதும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த பதிவில் சேரும் ஆய்வாளர்களில் ஒருவரையாவது வினாநிரல் இல்லாமல் அனுப்புங்கள். எங்கள் நூலகத்தின் பூச்சியத் தேடல்களை, பெயர் நீக்கி, நான் எடுத்துத் தருகிறேன். கவுன்டர் அறிக்கையில் மறுக்கப்பட்டவற்றின் பக்கத்தை அச்செடுத்து வைக்கிறேன். இல்லாத கட்டுரைகளைக் கேட்டு வந்த தாள்கள் ஒரு கோப்பில் இருக்கின்றன. அதையும் மேசையில் வைக்கிறேன். எங்கள் கணினிப் பிரிவு ஆளிடம் நானே பேசிக்கொள்கிறேன். அவர் முதலில் முடியாது என்பார், பிறகு செய்துகொடுப்பார். ஆய்வாளர் ஒரு மடிக்கணினியோடு வந்தால் போதும். காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் மேசையில் கூட்டம் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
பணியிலிருக்கும் ஒரு நூலகர்